ஒலி ஒத்தால் உறவாகிவிடாது

தமிழ்ப் பற்றுள்ள எவருடைய கைபேசியிலும் அந்தப் பட்டியல் ஒருமுறையாவது வந்து விழுந்திருக்கும். 'ஒன்று' என்பதே ஆங்கிலத்தில் 'ஒன்' ஆனதாம். 'எட்டு' 'எய்ட்' ஆனதாம். 'கொல்' என்பது 'கில்', 'மணி' என்பது 'மனி', 'நாவாய்' என்பது 'நேவி', 'வெற்றி' என்பது 'விக்டரி'. 'பேசு' என்பதன் முன்னால் ஓர் 'எஸ்' ஒட்டிக்கொண்டு 'ஸ்பீக்' ஆனதாம். ஆங்கிலத்தின் பெரும்பகுதி தமிழே என்று முடித்து, தமிழனாக இருந்தால் பகிருங்கள் என்று கேட்கும். சோரியாங்குப்பம், பாகூர், கிருமாம்பாக்கம் என்று புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில் உள்ள எங்கள் ஊர்களின் வாட்ஸ்அப் குழுக்களிலும் அது சுற்றிச் சுற்றி வருகிறது. பள்ளிப் பிள்ளைகள் அதைப் பேச்சுப் போட்டிக்கு மனப்பாடம் செய்கிறார்கள்.

அந்தப் பட்டியலில் பெரும்பகுதி தவறு. தமிழிலிருந்து உலகத்துக்குப் போன சொற்கள் உண்மையாகவே இருக்கின்றன. அவற்றுக்குத் தேதி உண்டு, கப்பல் உண்டு, சாட்சி உண்டு. பொய்ச் சொற்களோடு சேர்த்து அடுக்கும்போது அந்த மெய்ச் சொற்களும் நம்பிக்கை இழக்கின்றன. ஆகவே பட்டியலை ஆதரித்து வழக்கமாகச் சொல்லப்படும் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து மறுக்கிறேன்.

கூற்று 1: ஒலியும் பொருளும் ஒத்திருந்தால் ஒன்றிலிருந்துதான் மற்றொன்று வந்திருக்க வேண்டும்.

இல்லை. பாரசீகத்தில் 'கெட்டது' என்ற பொருளில் ஒரு சொல் உண்டு. ஆங்கிலத்தின் 'பேட்' போலவே ஒலிக்கும். இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை. ஆஸ்திரேலியப் பழங்குடி மொழிகளில் ஒன்றான ம்பபாரத்தில் நாய்க்குப் பெயர் 'டாக்'. ஆங்கிலேயர் கொண்டுவந்த சொல்லாகத்தான் இருக்கும் என்று யாருக்கும் தோன்றும். மொழியியலாளர் ஆர். எம். டபிள்யூ. டிக்சன் அக்கம்பக்கத்து மொழிகளோடு ஒப்பிட்டு, அது 'குடக' போன்ற பழைய வடிவத்திலிருந்து அந்த மொழியின் ஒலி மாற்றங்களால் தானாக அப்படி ஆனது என்று காட்டினார். ஒவ்வொரு மொழியிலும் ஆயிரமாயிரம் சொற்கள். மனித வாய் எழுப்பும் ஒலிகளோ சில டஜன். எந்த இரண்டு மொழிகளை எடுத்தாலும் சில சொற்கள் தற்செயலாக ஒத்துத்தான் போகும். கொரிய மொழியிலும் அப்பாவை 'அப்பா' என்றே அழைக்கிறார்கள் என்பதைப் பெரிய சான்றாகக் காட்டுவார்கள். உதடு கூட்டித் திறக்கும் குழந்தையின் முதல் ஒலிகளைப் பெற்றோர் தம் பெயராக எடுத்துக்கொள்வது உலகெங்கும் நடப்பது. மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் இதை விளக்கி 1960 இல் எழுதினார்.

ஒற்றுமை தற்செயலா உறவா என்று அறிய ஒரு நேரான வழி உண்டு. இரண்டு சொற்களையும் பின்னோக்கித் துரத்திப் பார்க்க வேண்டும். உறவிருந்தால் பழைய வடிவங்கள் நெருங்கிவரும். இல்லாவிட்டால் விலகிப்போகும். 'எய்ட்' பழைய ஆங்கிலத்தில் 'எஆஹ்த'. ஜெர்மனில் 'அக்ட்', லத்தீனில் 'ஒக்தோ', சமஸ்கிருதத்தில் 'அஷ்ட'. நம் எட்டுக்கு வேர் 'எண்'. எண்பது, எண்ணூறு என்ற சொற்களில் அது இன்றும் நிற்கிறது. ஒரு பக்கம் 'ஒக்', மறுபக்கம் 'எண்'. பின்னால் போகப் போக இரண்டும் ஒன்றையொன்று அறியாதவை ஆகிவிடுகின்றன. 'ஒன்' கதையும் இதுவே. பழைய ஆங்கிலத்தில் அது 'ஆன்'. முன்னால் வகர ஒலி ஏறியதே பிற்காலத்தில். நம் பக்கம் வேர் 'ஒரு'. இன்னொன்றும் கேட்க வேண்டும். எண்ணக் கற்றுக்கொடுத்தவர்கள் நாம் என்றால் இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு எங்கே போயின? ஒன்றையும் எட்டையும் மட்டும் வாங்கிக்கொண்டு நடுவில் உள்ளவற்றை விட்டுவிட்டுப் போன மக்கள் யார்?

கூற்று 2: உலகின் மூத்த மொழி தமிழ், ஆகவே மற்றவற்றுக்கு மூலமும் அதுவே.

தமிழின் தொன்மையை நான் குறைக்கவில்லை. கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளில் தமிழி என்னும் பழைய எழுத்தில் வெட்டிய கல்வெட்டுகள் நம்மிடம் உள்ளன. ஆனால் மூத்திருப்பது ஒன்று, கொடுத்திருப்பது வேறொன்று. சொல் கைமாற வேண்டுமானால் பேசுகிறவர்கள் சந்தித்திருக்க வேண்டும். ஆங்கிலத்தின் அடிப்படைச் சொற்கள் ஐந்தாம் நூற்றாண்டில் வட ஜெர்மானியக் கடற்கரையிலிருந்து பிரிட்டனுக்குப் போன மக்களின் வாயில் இருந்தவை. கிழக்கிந்தியக் கும்பினி தொடங்கியது 1600 இன் கடைசி நாளில். இடைப்பட்ட ஆயிரம் ஆண்டுகளில் அந்த உழவர்கள் எந்தத் துறைமுகத்தில் நம்மிடம் 'கொல்' என்ற சொல்லை வாங்கினார்கள்?

சந்திப்பு நடந்த இடங்களை நாம் அறிவோம். சோரியாங்குப்பத்திலிருந்து வடக்கே சில மணி நேரம் நடந்தால் அரிக்கமேடு. 1945 இல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது ரோமானியப் பானைச் சில்லுகளும் தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகளும் கிடைத்தன. கிரேக்க மாலுமி எழுதிய பெரிப்ளூஸ் இக்கரையில் 'பொதுகே' என்ற துறையைக் குறிக்கிறது. அது அரிக்கமேடே என்று பலர் கருதுகிறார்கள். அப்படிப்பட்ட துறைகள் வழியே போன சொற்கள் எவை? சரக்கின் பெயர்கள். இஞ்சி அதற்கு நல்ல சாட்சி. 'இஞ்சிவேர்' என்பதன் பழைய திராவிட வடிவம் பாலியில் 'சிங்கிவேர', கிரேக்கத்தில் 'சிங்கிபெரிஸ்', லத்தீன் வழியே ஆங்கிலத்தில் 'ஜிஞ்சர்'. ஒவ்வொரு படிக்கும் ஆவணம் இருக்கிறது. ஆலன் ராஸ் இந்த ஒரே சொல்லுக்காக 1952 இல் ஒரு நூலே எழுதினார். மிளகும் நம்முடையதுதான், ஆனால் 'பெப்பர்' என்ற பெயர் 'பிப்பலி' என்ற வடமொழிச் சொல்லிலிருந்து போனது. சரக்கு நம்முடையதாக இருந்தும் பெயர் பிறருடையதாக இருக்கலாம். தொன்மையை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கூற்று 3: ஓர் எழுத்தைச் சேர்த்தோ நீக்கியோ பார்த்தால் ஒளிந்திருக்கும் தமிழ் தெரியும்.

'எஸ்' சேர்த்தால் பேசு 'ஸ்பீக்' ஆகிறது, நாகம் 'ஸ்நேக்' ஆகிறது. எங்கே வேண்டுமோ அங்கே சேர்ப்பது, வேண்டாத இடத்தில் விடுவது. இதை விதி என்று சொல்ல முடியாது. விதி என்றால் எல்லா இடத்திலும் வேலை செய்ய வேண்டும். தமிழின் பகரம் கன்னடத்தில் ஹகரமாகும்: பால் ஹாலு, பல் ஹல்லு, பத்து ஹத்து, பாம்பு ஹாவு, பெண் ஹெண்ணு. அடுக்கிக்கொண்டே போகலாம். லத்தீனில் பகரம் உள்ள இடத்தில் ஆங்கிலத்தில் 'எஃப்' ஒலி நிற்கும்: அங்கே 'பாதெர்', இங்கே 'ஃபாதர்'; அங்கே 'பிஸ்கிஸ்', இங்கே 'ஃபிஷ்'. இப்படி வரிசையாக, விலக்குக்கும் காரணம் சொல்லும்படி அமைந்த ஒப்புமையைக் கொண்டுதான் சென்னையில் இருந்த ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் 1816 இல் தென்மொழிகள் தனிக் குடும்பம் என்று காட்டினார். சமஸ்கிருதத்திலிருந்து தமிழ் வந்தது என்ற கூற்றை உடைத்த ஆயுதம் அந்த முறை. அதே முறையை நமக்கு வேண்டாதபோது தூக்கி எறிந்தால், நம் தனித்தன்மைக்கான சான்றையும் சேர்த்து எறிகிறோம்.

மேலும், பட்டியலின் வழி எல்லோருக்கும் திறந்த வழி. எழுத்தாளர் பி. என். ஓக் இதே வழியில் போய் ஆங்கிலம் முதல் கிறிஸ்தவம் வரை எல்லாம் சமஸ்கிருதமே என்று எழுதினார். துருக்கியில் 1936 இல் உலக மொழிகளுக்கெல்லாம் துருக்கியமே மூலம் என்ற 'சூரிய மொழிக் கோட்பாடு' அரசு ஆதரவோடு எழுந்தது. பதினாறாம் நூற்றாண்டில் ஆன்ட்வெர்ப் நகரத்து கோரோபியஸ் பெக்கானுஸ், ஏதேன் தோட்டத்தில் பேசியது தம் ஊர் டச்சே என்று சாதித்தார். நம் முறை சரியென்றால் இவர்கள் எல்லோரும் சரி. எல்லோரும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியாது.

கூற்று 4: இதை அறிஞர்களே ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

முதலில் ஸ்கீட் பெயரைச் சொல்வார்கள். வால்டர் ஸ்கீட் 1879 முதல் 1882 வரை வெளியிட்ட ஆங்கிலச் சொற்பிறப்பு அகராதியின் பின்னிணைப்பில் சொற்களை மொழிவாரியாகப் பிரித்து அடுக்கியிருக்கிறார். ஜெர்மானியம், பிரெஞ்சு, லத்தீன், கிரேக்கம் ஆகியவைதான் அங்கே பெரும்பகுதி. இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கிடைப்பது சிறிய இடமே. அடுத்தவர் கால்டுவெல். 1856 இல் வந்த அவருடைய ஒப்பிலக்கணம் அரிசியையும் கிரேக்க 'ஒரிசா'வையும் இணைத்தது உண்மை. தமிழே ஆங்கிலத்துக்குத் தாய் என்று அவர் சொல்லவில்லை. அரிசி பற்றிய அவர் கருத்தும் இன்று தீர்ந்த முடிவு இல்லை. ஈரானிய மொழி ஒன்றின் வழியே கிரேக்கம் அதைப் பெற்றது என்பதே பலரின் முடிவு.

தமிழே மற்ற மொழிகளுக்கு மூலம் என்று தமிழறிஞர் பாவாணர் சொன்னார் என்பது மெய். 1966 இல் வந்த அவருடைய ஆங்கில நூல் தமிழை உலக முதன்மொழி என்றே வாதிடுகிறது. தமிழ் வேர்களைத் தோண்டுவதில் அவர் செலவிட்ட வாழ்நாள் உழைப்புக்கு நான் தலைவணங்குகிறேன். 1974 இல் தொடங்கிய சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டம் அவரால் வந்தது. ஆனால் இந்தோ ஐரோப்பிய மொழிகளையும் தமிழின் கிளைகள் என்ற அவர் முடிவை ஒலி விதிகள் தாங்கவில்லை. பெரியவர் சொன்னார் என்பதற்காகவே ஒரு முடிவை ஏற்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. சான்று கேட்பதே மரியாதை.

இப்போது ஆக்ஸ்போர்டு அகராதியையும் இழுக்கிறார்கள். 2016 இல் 'ஐயோ' அங்கே ஏறியது. அது ஆங்கிலம் பேசும் நம் மக்கள், இலங்கை, சிங்கப்பூர், மலேசிய மக்கள் அந்தச் சொல்லை ஆங்கிலப் பேச்சுக்குள் கொண்டுபோனதற்கான பதிவு. சீனத்திலும் ஏறக்குறைய அதே ஒலியில், அதே உணர்வுக்கு ஒரு சொல் உண்டு. தென்கிழக்கு ஆசியாவில் அது எந்த வாயிலிருந்து எந்த வாய்க்குப் போனது என்று எளிதில் பிரிக்க முடியாது. ஆங்கில அகராதியில் ஒரு சொல் ஏறியதை ஆங்கிலமே தமிழ் என்பதற்குச் சான்றாக்குவது அகராதியைப் படிக்காதவர் வேலை.

இணையச் சொற்களிலும் இதே மயக்கம் உண்டு. 'இமோஜி' என்பது 'இமோஷன்' என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்ததாக ஆங்கிலம் பேசுகிறவர்களே நினைக்கிறார்கள். அது ஜப்பானியம்: 'ஏ' என்றால் படம், 'மோஜி' என்றால் எழுத்து. 1990களின் பிற்பகுதியில் ஜப்பானியக் கைபேசிகள் வழியே பரவியது. ஒலி ஒற்றுமை சொந்த மொழிக்காரரையே ஏமாற்றும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. உலகமே சொல்லும் 'ஓகே'வுக்கு எத்தனையோ நாட்டார் உரிமை கொண்டாடினார்கள். ஆலன் வாக்கர் ரீட் பழைய செய்தித்தாள்களைப் புரட்டி, 1839 மார்ச் 23 அன்று பாஸ்டன் நகரத்து இதழ் ஒன்றில் எழுத்துப்பிழை விளையாட்டாக அது அச்சேறியதைக் கண்டுபிடித்து 1960களில் எழுதினார். சொல்லின் பிறப்பைத் தேடுகிற முறை இது: தாளைப் புரட்ட வேண்டும், தேதி காட்ட வேண்டும்.

கூற்று 5: சில தவறாக இருக்கலாம், மற்றவை எல்லாம் சரிதானே?

ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

முழுக்கத் தவறானவை இருக்கின்றன. 'மனி' ரோமில் யூனோ மொனேட்டா கோயிலின் பெயரிலிருந்து வந்தது. நாணயச்சாலை அங்கே இருந்தது. 'விக்டரி' லத்தீன் 'விக்தோரியா'. 'நேவி' லத்தீன் 'நாவிஸ்'. நாவாய் என்பதே வடமொழி வழியே தமிழுக்கு வந்தது என்று பலர் கருதுகிறார்கள். ஆங்கில 'பாத்'துக்கு மூலமாகக் காட்டப்படும் பாதையும் அப்படியே வடசொல். நாம் வாங்கிய சொல்லை நாம் கொடுத்ததாகக் காட்டுவது தமிழுக்குப் புகழ் சேர்க்காது.

பாதி உண்மையானவையும் இருக்கின்றன. 'கேஷ்' இதற்கு முதல் எடுத்துக்காட்டு. ஆங்கிலத்தில் ஒரே ஒலியில் இரண்டு சொற்கள் உள்ளன. ரொக்கம் என்ற பொருளுடையது பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு 'கேஸ்', இத்தாலிய 'காசா' வழி வந்தது. இன்னொன்று நம் காசுதான். போர்ச்சுகீசியர் வாய்வழி போய், சிறு நாணயத்தின் பெயராக ஆங்கிலத்தில் நின்றது. சென்னைக் கும்பினிக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். பிரெஞ்சுப் புதுச்சேரியின் நாணயங்களிலும் காசு 'காஷ்' ஆகவும், பணம் 'ஃபனோன்' ஆகவும் இருந்தன. உலகம் இன்று சொல்லும் 'கேஷ்' அந்தக் காசு இல்லை. அந்தக் காசின் கதையோ அதைவிடச் சுவையானது. பட்டியலில் அதற்கு இடமே இல்லை. 'ஆரஞ்சு' சமஸ்கிருதம், பாரசீகம், அரபு, ஸ்பானியம் எனப் பல கை மாறியது. அதன் தொடக்கத்தில் திராவிடச் சொல் ஒன்று இருந்திருக்கலாம். மாங்காய், தேக்கு, வெற்றிலை, கொப்பரை ஆகியவற்றைப் போர்ச்சுகீசியர் பெரும்பாலும் கேட்டது மலையாளக் கரையில். 1498 இல் அவர்கள் இறங்கியது கோழிக்கோட்டுப் பக்கம். உறவுமொழிக்கு உரியதை நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது.

முழுக்க உண்மையானவையும் இருக்கின்றன. அவற்றை நான் தலைநிமிர்ந்து சொல்வேன். கட்டுமரம் 'கட்டமரான்' ஆனது. வில்லியம் டாம்பியர் 1697 இல் வெளியிட்ட பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தை அதே பெயரில் விவரிக்கிறார். இன்று அந்தப் பெயரில் ஓடும் இரட்டை உடல் படகின் வடிவம் பசிபிக் தீவு மக்களுடையது. பெயர் மட்டும் நம் மீனவருடையது. சுருட்டு, மிளகுத்தண்ணீர், கறி, வெட்டிவேர், முருங்கை, குருந்தக்கல் எல்லாம் இப்படிப் போனவை. இங்கிலாந்தில் ஹன்னா கிளாஸ் 1747 இல் அச்சிட்ட சமையல் நூலில் கறி வைக்கும் செய்முறை இருக்கிறது.

எங்கள் பக்கத்துச் சொல் ஒன்றும் போயிருக்கிறது. பாசனப் பொறியாளர்களின் ஆங்கிலத்தில் அணைக்கு 'அனிக்கட்' என்று பெயர். அது நம் அணைக்கட்டு. தென்பெண்ணையின் குறுக்கே சொர்ணாவூர் அணைக்கட்டில் திரும்பும் தண்ணீர் பங்காரு வாய்க்கால் வழியே பாகூர் ஏரியை நிரப்புகிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கடலூர். கும்பினி 1690 இல் வாங்கிய புனித டேவிட் கோட்டை அங்கேதான் இருந்தது. பாகூரிலேயே 1752 இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதினார்கள். துரைகள் இங்கே வந்து, இங்கே உண்டு, இங்கே வரி வாங்கினார்கள். இங்குள்ளவர் வாயிலிருந்து சொல் அவர்கள் வாய்க்கு ஏறியது. எப்போது, எங்கே, யார் வழியே என்ற கேள்விக்கு விடை சொல்ல முடிகிற சொற்கள் இவை.

புதுச்சேரிக்கே உரிய இன்னொரு வரிசை பிரெஞ்சில் இருக்கிறது. வெங்காயம், பூண்டு, கடுகு சேர்த்து உருட்டிக் காயவைக்கும் வடவம் பிரெஞ்சுச் சமையலில் 'வதுவான்' என்று விற்கிறது. ரெயூனியன் தீவில் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் 'ருகாய்' நம் ஊறுகாய். மர்த்தினிக், குவாதலூப் தீவுகளில் வார இறுதி விருந்தில் வைக்கும் 'கொலம்போ' நம் குழம்பு என்றே கருதப்படுகிறது. கொழும்பு நகரப் பெயர் என்போரும் உண்டு. ஆங்கிலத்தில் தமிழைத் தேடுகிறவர்கள் இந்தத் தீவுகளின் பக்கம் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

கூற்று 6: தமிழிலிருந்து போன ஒவ்வொரு சொல்லும் நமக்குப் பெருமை.

இந்தக் கூற்றைத்தான் நான் மிகவும் வெறுக்கிறேன். பட்டியல்களில் கட்டுமரத்துக்கும் கறிக்கும் நடுவே 'பறையா' என்ற சொல்லையும் பெருமையோடு சேர்க்கிறார்கள். பறை என்னும் இசைக்கருவியோடு சேர்ந்த ஒரு மக்களின் பெயரை ஐரோப்பியர் எடுத்துப்போய், ஒதுக்கப்பட்டவன் என்ற பொருளில் உலகமெங்கும் பரப்பினார்கள். இன்றும் செய்தித்தாள்கள் தண்டனைக்குள்ளான நாட்டை அந்தச் சொல்லால் குறிக்கின்றன. பிரெஞ்சில் பெர்னார்தென் தெ சேன் பியேர் 1791 இல் ஒரு பறையரைக் கதைநாயகராக்கினார். 1922 இல் பாரீசில் ஹோ சி மின் முதலானோர் அடிமை நாட்டு மக்களுக்காக நடத்திய இதழுக்கு 'லெ பாரியா' என்றே பெயர். ஆங்கில அகராதியோ அதை இழிசொல்லாகவே வைத்திருக்கிறது. இங்கே நடந்த கொடுமைதான் அந்தச் சொல்லுக்கு அந்தப் பொருளைக் கொடுத்தது. இரட்டைமலை சீனிவாசன் 1893 இல் 'பறையன்' என்ற பெயரிலேயே இதழ் தொடங்கித் தம் மக்களின் பெயரைத் தலைநிமிர்ந்து எடுத்துக்கொண்டார். அவர் செய்தது பெருமைக்குரியது. அந்த மக்களின் பெயரை உலகம் வசையாக்கியதைத் தமிழின் வெற்றி என்று கொண்டாடுவது அவர்கள் முகத்தில் அறைவது.

'கூலி'யும் அப்படித்தான். ஆங்கிலத்தின் 'கூலி' தமிழா, குஜராத்தின் கோலி என்ற சமூகப் பெயரா என்று இன்றும் விவாதம் உண்டு, இரண்டும் கலந்திருக்கலாம். ஆனால் அந்தச் சொல்லைச் சுமந்தவர்கள் நம் மக்கள். அடிமை முறையைப் பிரான்ஸ் 1848 இல் ஒழித்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடிப் பிரெஞ்சுக்காரர் இங்கே வந்தார்கள். புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் ஏற்றினார்கள். 1853 இல் ஒரேலி என்ற கப்பல் அவர்களில் முதல் தொகுதியை மர்த்தினிக்கில் இறக்கியது. மறு ஆண்டு இறுதியில் அதே கப்பல் குவாதலூப்புக்குப் போனது. திரும்பி வராதவர்கள் ஏராளம். தென்னாப்பிரிக்காவிலும் கரீபியன் தீவுகளிலும் 'கூலி' வசைச்சொல் ஆயிற்று. அவர்களோடு போன குழம்பும் ஊறுகாயும் இன்று அந்தத் தீவுகளின் விருந்து. அவர்களை அழைத்த பெயர் வசை. இரண்டையும் ஒரே பட்டியலில் ஒரே மகிழ்ச்சியோடு எழுதுகிறவருக்கு அந்த மக்களின் வரலாறு தெரியாது.

கூற்று 7: தமிழ் கொடுத்ததே தவிர வாங்கியதில்லை.

தொல்காப்பியம் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று நான்காகப் பிரிக்கிறது. வெளியிலிருந்து வந்த சொல்லுக்குத் தனி வகை வைத்து, வடசொல்லைத் தமிழ் ஒலிக்கு ஏற்ப எழுதும் முறையையும் சொல்கிறது. நம் முதல் இலக்கணமே வாங்குவதை ஒளிக்கவில்லை. கதவு நம்முடையது, ஜன்னல் போர்ச்சுகீசியம். சாவி, மேசை, அலமாரி, ஏலம், வாத்து, அன்னாசி, பீப்பாய் எல்லாம் அவர்கள் விட்டுப்போனவை. வக்கீலும் வசூலும் ஜில்லாவும் அரபு வழி. துட்டு என்பது டச்சு நாணயத்தின் பெயர். பிரெஞ்சுக்காரர் அதையே நம்மிடமிருந்து 'துது' என்று வாங்கித் தங்கள் செப்புக்காசுக்கு வைத்தார்கள். ஒரு சொல் வந்து, இங்கே தங்கி, வேறு வாசல் வழியே வெளியேறிய கதை அது.

பாகூர்ச் செப்பேட்டைப் பாருங்கள். நிருபதுங்கவர்மன் ஆட்சியில், ஒன்பதாம் நூற்றாண்டில், பாகூரில் இருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் தானமாகக் கொடுத்ததைச் சொல்லும் அந்த ஏட்டில் சமஸ்கிருதமும் தமிழும் சேர்ந்தே நிற்கின்றன. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிய நாட்குறிப்பில் பிரெஞ்சுச் சொற்கள் தமிழ் வேடம் பூண்டு நடமாடுகின்றன. அவருடைய தமிழ் அதனால் மெலிந்துபோகவில்லை; அக்காலத்துப் புதுச்சேரியின் பேச்சு அதில் அப்படியே கேட்கிறது. நாங்கள் இன்றும் கொம்யூன் பஞ்சாயத்துக்குத்தான் மனு கொடுக்கிறோம். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவரைச் சொல்தா என்கிறோம். 1954 நவம்பர் முதல் நாள் பிரெஞ்சு ஆட்சி போனது. அதன் சொற்கள் போகவில்லை. இவற்றைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வாங்கத் தெரிந்ததனால்தான் தமிழ் இவ்வளவு காலம் பேச்சு மொழியாக நிற்கிறது.

இதையெல்லாம் மறுத்தால் தமிழ்ப்பகை என்பார்கள். அதற்கும் விடை உண்டு. பொய்ச் சான்றால் தமிழை உயர்த்த நினைக்கிறவர், தமிழுக்கு மெய்ச் சான்று போதாது என்று தாமே ஒப்புக்கொள்கிறார். வெளியுலக ஆய்வாளர் ஒருவர் 'விக்டரி'யும் 'ஸ்பீக்'கும் தமிழ் என்று எழுதிய தாளைப் பார்த்தால், அடுத்த வரியில் உள்ள கட்டுமரத்தையும் இஞ்சியையும் நம்பமாட்டார். அந்த இழப்பு நமக்குத்தான்.

ஆகவே ஆசிரியர்களையும் பிள்ளைகளையும் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை ஒரு பட்டியல் வந்தால் நான்கு கேள்விகள் கேளுங்கள். இந்தச் சொல் அந்த மொழியில் முதலில் எந்த ஆண்டு எழுதப்பட்டது? அப்போது நம்மவரும் அவர்களும் எங்கே சந்தித்தார்கள்? இடைவழியில் எந்த வடிவத்தில் இருந்தது? அதன் பழைய வடிவம் நம் வேரை நெருங்குகிறதா, விலகுகிறதா? சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனும், பரோவும் எமனோவும் 1961 இல் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதியும், யூலும் பர்னலும் 1886 இல் வெளியிட்ட ஹாப்சன் ஜாப்சன் என்ற ஆங்கிலோ இந்தியச் சொல்லகராதியும் இன்று கைபேசியிலேயே கிடைக்கின்றன. பகிரும் முன் பத்து நிமிடம் அவற்றைத் திறந்து பாருங்கள்.

அதோடு நிற்காமல் சொந்தமாகவும் திரட்டுங்கள். தென்பெண்ணைக் கரையில் மீன் பிடிப்பவரிடமும், ஏரி மதகு திறந்தவரிடமும், பிரெஞ்சுக் காலத்துப் பத்திரம் வைத்திருப்பவரிடமும் போய்ச் சொற்களைக் கேட்டு, சொன்னவர் ஊரும் கேட்ட நாளும் சேர்த்து எழுதிவையுங்கள். 1955 முதல் புதுச்சேரியிலேயே இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் நூலகம் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். பாகூர் கொம்யூன் பள்ளிகள் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பேடு நிரப்பினால் போதும்; எந்த வாட்ஸ்அப் பட்டியலும் தராத தமிழ் வரலாறு கையில் இருக்கும். ஆங்கிலம் தமிழிலிருந்து பிறக்கவில்லை. அதற்குத் தமிழ் சில நல்ல சொற்களைக் கொடுத்தது, வேறு பல மொழிகளிடமிருந்து தான் சிலவற்றை வாங்கியது. இந்த உண்மையே தமிழுக்குப் போதும்.